நூர் கடையில் பன்னிரண்டாவது சாவு

காலை மணி 10.40.

பெரியபட்டினம் கடைத்தெருவில், நூர் ஆன்லைன் சென்டருக்குள், பன்னிரண்டாவது சாவு விழுந்தது.

புகை இல்லை. வெடிச் சத்தம் இல்லை. ஒரு பெரியவரின் ஓய்வூதிய விண்ணப்பத்தில் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகத் தட்டி முடித்து, ‘சமர்ப்பி’ என்ற பொத்தான் மேல் மவுஸைக் கொண்டுபோனாள் சேதுலட்சுமி. அதே நொடியில் திரை கறுத்தது. மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருந்த விசிறி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. கம்ப்யூட்டர் செத்துப்போயிருந்தது.

“என்னம்மா, கரண்டு போயிருச்சா?” என்றார் பெரியவர்.

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் லேமினேஷன் மெஷின் தன் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு சூடாகிக்கொண்டிருந்தது.

“கரண்டு இருக்கு தாத்தா. இதுதான் போயிருச்சு” என்றாள் சேதுலட்சுமி.

அடுத்திருந்த தன் கயிற்றுக் கடையில் வலைக்கயிறு அளந்துகொண்டிருந்த முதலாளி ஹாஜா முகைதீன் கயிற்றைக் கீழே போட்டார். கைப்பேசியை எடுத்தார்.

“ராமநாதபுரம் நாகஜோதியா? ஒடனே பொறப்பட்டு வாம்மா. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துருவோம்.”

காலை மணி 11.55.

நாகஜோதி ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, முதலில் கேட்டது தண்ணீர். இரண்டாவது கேட்டது, “பொணம் எங்கன கெடக்கு?”

ராமநாதபுரம் சாலைத் தெருவில் ஒற்றைக் கதவுக் கடை அவளுடையது. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் விளைவிக்கிற குடும்பம். ஸ்குரூ டிரைவர் பிடிக்கிற பெண் என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள், இப்போது அவள் கடை வாசலில் மானிட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். செத்த கம்ப்யூட்டர் எதுவாக இருந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பாள்: எப்படிச் செத்தாய்?

ஹாஜா முகைதீன் பிணத்தைக் காட்டவில்லை. ஒரு காகிதத்தை நீட்டினார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் மனு. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்ததால் கையால் எழுதியிருந்தார்.

‘என் கடையில் வேலை பார்த்து மூன்று வாரம் முன்பு விலகிப்போன, மண்டபம் அகதிகள் முகாமில் குடியிருக்கும் தர்சிகன் என்பவர், வன்மம் கொண்டு என் கம்ப்யூட்டரில் வைரஸ் வைத்து…’

“இதுக்குக் கீழ, வைரஸ் இருக்கிறது உண்மைதான்னு ஒரு வரி எழுதி, ஒங்க கடை சீலைக் குத்திக் குடுங்க தங்கச்சி. அஸர் தொழுதுட்டு நேரா ஸ்டேஷன்” என்றார் ஹாஜா.

நாகஜோதி காகிதத்தை இரண்டு முறை படித்தாள். “பாய், அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?”

“ராமநாதபுரத்துல ஏதோ ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் வேலையாம். திங்கக்கிழமை சேரப் போறானாம்.”

“முகாம்ல இருக்கிறவன் மேல ஸ்டேஷன்ல ஒரு காகிதம் விழுந்தா என்ன ஆகும்னு தெரியும்ல?”

“தெரியும்.”

“அந்த வேலை போயிரும். அதோட நிக்காது. அவன் இனி எந்த வாசல்ல போய் நின்னாலும் இந்தக் காகிதம் அவனுக்கு முந்திப் போய் நிக்கும்.”

ஹாஜாவின் முகம் இறுகியது. “என் கடை வாசல்ல நேத்து ஒரு புள்ள அழுதுட்டுப் போச்சு தங்கச்சி. ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசி நாள். பாதியில இது செத்துருச்சு. கீழக்கரைக்கு ஓடி, கடைசி நிமிசத்துல போட்டிருக்கு. ‘நூர் கடைக்குப் போகாதீங்க, அணைஞ்சிரும்’னு ஊரே பேசுது. நூர்ங்கிறது எங்க உம்மா பேரு. நூருன்னிசா. அந்தப் பேரு இந்த ஊர்ல அணையக் கூடாது.”

“அஸர் வரைக்கும் எனக்கு நேரம் குடுங்க. சீலு பையிலதான் இருக்கு. அவன்தான்னு தெரிஞ்சா நானே குத்துறேன்” என்றாள் நாகஜோதி.

நண்பகல் 12.15.

விசாரணை தொடங்கியது. முதல் சாட்சி, சேதுலட்சுமி. சிக்கல் ஊர்க்காரி, வயது இருபத்திரண்டு, வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்.

“தர்சிகன் போன மறுநாள் நீ சேர்ந்த. சாவு எப்ப ஆரம்பிச்சது?”

“ரெண்டாம் நாள்லேருந்து அக்கா.”

“அவன்கிட்ட நேரா வேலை கத்துக்கிட்டியா?”

“இல்லக்கா. அவரை நான் பார்த்ததே இல்ல. எல்லாத்தையும் சீட்டுல எழுதிச் செவுத்துல ஒட்டிட்டுப் போயிருக்காரு. அதை ஒண்ணு விடாம அப்படியே செய்றேன்.”

சுவரில் சுவிட்சுப் பலகை. ‘ஃபேன்’, ‘லைட்’, ‘நூர்’ என்று எலெக்ட்ரீசியன் ஒவ்வொரு சுவிட்சுக்கும் பெயர் எழுதியிருந்தார். நூர் என்பது வாசலுக்கு மேலே இருக்கும் கண்ணாடிப் பெயர்ப்பலகைக்கான சுவிட்சு. அதைச் சுற்றி, அழகான உருண்டைக் கையெழுத்தில் மூன்று சீட்டுகள்.

‘கடை பூட்ட முதல் ஃபேன் பார்.’

‘பிரிண்ட் எடுக்க முதல் தாள் பார்.’

‘லேமினேஷன் போட முதல் நூர்.’

“கையெழுத்து முத்து முத்தா இருக்கு” என்று சொல்லிவிட்டு, நாகஜோதி மேசைக்கடியில் தலையை விட்டாள். “சாகுறப்ப என்ன சத்தம் கேக்கும்?”

சேதுலட்சுமி தயங்கினாள். “சொன்னா சிரிப்பீங்க. பல்லி சொல்லும்.”

“பல்லியா?”

“ஒவ்வொரு தடவையும். ‘டக்’குனு ஒத்தைச் சத்தம். மேசைக்கு அடியிலேருந்து. நான் தேடிப் பார்த்துட்டேன், பல்லியே இல்ல. எனக்குப் பயமா இருக்குக்கா. எங்க அம்மா வேற வேலையை விட்டுரச் சொல்லுது.”

நாகஜோதி சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் ‘பல்லி’ என்று எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது சாட்சி, ஹாஜா.

“இதுக்கு முந்தி யாரு பார்த்தா பாய்?”

“கீழக்கரை மெக்கானிக்கு. பவர் சப்ளையைப் புதுசா மாத்தினாரு. தன் கடைக்குத் தூக்கிட்டுப் போயி ரெண்டு நாள் விடாம ஓட விட்டாரு. அங்க சாகவே இல்ல. இங்கன கொண்டாந்து வச்சா அன்னைக்கே செத்துருச்சு.”

“மேசைக்கடியில மரப்பெட்டி கெடக்கே, அதுக்குள்ள என்ன?”

“யுபிஎஸ். உப்புக் காத்து அரிக்குதுன்னு பெட்டி செஞ்சு மூடியிருக்கேன்.”

“பேட்டரி போனா, லோடு ஏறுனா, கத்துமே?”

“கத்திக்கிட்டேதான் இருந்துச்சு. பக்கத்துல மதரஸாவுல புள்ளைக ஓதுற நேரம் கீச்சு கீச்சுன்னு. அந்த ஒயரை மட்டும் வெட்டச் சொல்லிட்டேன். நல்லாத்தான் இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு நீங்க யுபிஎஸ்ஸைக் கேக்குறீங்க. அவன் போற அன்னைக்கு என்ன சொல்லிட்டுப் போனான்னு கேளுங்க.”

“என்ன சொன்னான்?”

“‘நான் போன பொறவுதான் பாய், இந்தக் கடை எதுல நிக்குதுன்னு ஒங்களுக்குத் தெரியும்.’ நெஞ்சுல அடிச்ச மாதிரி சொல்லிட்டுப் போனான். மறுநா விட்டு மறுநா மொத சாவு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

இருந்தது. அதையும் அவரே காட்டினார்.

நாகஜோதி பொத்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டர், ஒன்றுமே நடக்காததுபோல, நல்ல பிள்ளையாக எழுந்தது. முகப்புத் திரையில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு படம். அதன் கீழே பெயர்: ‘நூர்’.

“அதை அமுக்கிப் பாருங்க” என்றார் ஹாஜா.

அமுக்கினாள். ஐந்தே நொடியில் கம்ப்யூட்டர் ஒழுங்காக மூடி அணைந்தது.

“பார்த்தீங்களா! எங்க அக்கா மகன்தான் கண்டுபுடிச்சான். கம்ப்யூட்டரை அணைக்கிற வேலை அதுக்குள்ள இருக்கு. செஞ்சது தர்சிகன். அதுக்கு எங்க உம்மா பேரையே வச்சிருக்கான் பாருங்க!”

சேதுலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். நாகஜோதியின் பைக்குள் சீல் கனத்தது.

பிற்பகல் 1.30.

பிணப் பரிசோதனை. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே முகர்ந்து பார்த்தாள். கருகல் வாடை இல்லை. தூசி இல்லை. பிராசஸர் விசிறி சுற்றியது. அதன் அடியில் சூட்டைக் கடத்தும் பசை புதுசு. ஐம்பத்திரண்டு டிகிரிக்கு மேல் சூடு ஏறவில்லை. சூட்டால் சாகவில்லை.

யுபிஎஸ் பெட்டியைத் திறந்து கரண்டைப் பிடுங்கினாள். பேட்டரி பத்து நிமிடம் கம்ப்யூட்டரைத் தாங்கி நின்றது. அதுவும் நிரபராதிபோலத்தான் தெரிந்தது.

அடுத்து, இறந்தவரின் டைரி. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தான் எப்போது எழுந்தது, எப்போது படுத்தது என்று உள்ளுக்குள் எழுதி வைக்கும். அதைத் திறந்தாள். பன்னிரண்டு சாவும் தேதி, நேரத்தோடு இருந்தன.

“பாய், இங்கன வாங்க. அந்த ‘நூர்’ ஃபைலை அமுக்கினா கம்ப்யூட்டர் என்ன செய்யும்? எல்லாத்தையும் மூடி வச்சு, ‘போயிட்டு வாரேன்’னு டைரியில எழுதிட்டுப் போகும். இப்ப நான் அமுக்கினது இங்க இருக்கு பாருங்க. ஆனா இந்தப் பன்னிரண்டுல ஒண்ணுகூட அப்படி இல்ல. எழுத ஆரம்பிச்ச வரி பாதியில நிக்குது. கழுத்தை நெரிச்ச மாதிரி. இது வைரஸ் வேலை இல்ல.”

“அப்ப உள்ள ஏதோ ஒரு ஒயரை லூசு பண்ணிட்டுப் போயிருக்கான்.”

“கீழக்கரையில ரெண்டு நாள் ஓடுனப்ப அந்த ஒயரு லீவு போட்டுச்சா?”

ஹாஜா மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மேல்நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நாகஜோதி பன்னிரண்டு நேரங்களையும் எழுதி, பக்கத்திலேயே பிரிண்டரின் பட்டியலையும் எழுதினாள். பென்சில் மேலும் கீழும் ஓடியது. நின்றது.

“ஏ சேது. ஒவ்வொரு சாவுக்கும் பத்து நிமிசம் முந்தி நீ ஒரு அட்டை பிரிண்ட் எடுத்திருக்க. அட்டை எடுத்ததும் என்ன செய்வ?”

“லேமினேஷன் போடுவேன் அக்கா. மெஷின் சூடாகுற நேரத்துல அடுத்த ஆளோட வேலையைப் பார்ப்பேன்.”

அகப்பட்டான் திருடன் என்று எழுந்தாள் நாகஜோதி. லேமினேஷன் மெஷினும் அதே யுபிஎஸ்ஸில்தான் சொருகியிருந்தது. தானே போய் அதன் சுவிட்சைத் தட்டினாள். சூடேற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அட்டைகளை உள்ளே விட்டு வெளியே எடுத்தாள். கால் மணி நேரம் காத்திருந்தாள்.

கம்ப்யூட்டர் அசையவில்லை. பல்லியும் சொல்லவில்லை.

“நீங்க இருக்கீங்கன்னு பயந்துருச்சு போல” என்றாள் சேதுலட்சுமி.

நாகஜோதிக்கு எரிச்சல் வந்தது. இந்தப் பெண் செய்தால் சாகிறது. தான் செய்தால் சாகவில்லை. ஒரே மெஷின், ஒரே அட்டை, ஒரே யுபிஎஸ். அவள் செய்து, தான் செய்யாமல் விட்டது எது?

“ஒரு டீ குடிச்சுட்டு வாரேன்” என்று வெளியே நடந்தாள்.

பிற்பகல் 2.50.

எதிர்ச்சாரியில் சதக் டீக்கடை. சதக்குக்கு எல்லாக் கடைக் கதையும் தெரியும். டீயை ஆற்றுகிற நேரத்தில் கதையையும் ஆற்றிவிடுவார்.

“என்ன மெக்கானிக்கம்மா, பேயைப் புடிச்சாச்சா? ஹாஜா கடையில எல்லாமே பேய்தான். மூணு வாரமா அந்தப் போர்டைப் பாருங்களேன். உச்சி வெயில்ல பத்துது, அணையுது, பத்துது, அணையுது. கல்யாண வீட்டு சீரியல் லைட்டு தோத்துச்சு போங்க. முன்னாடியெல்லாம் பொழுது சாஞ்சு மஃரிபுக்குத்தான் எரியும்.”

நாகஜோதி நிமிர்ந்து பார்த்தாள். பழைய காலத்துக் கண்ணாடிப் பெட்டிப் பலகை. உள்ளே நான்கு டியூப் லைட். முகப்பில் பச்சை எழுத்தில் நூர்.

“கடைக்குள்ள இருந்தா இது எரியுறது தெரியுமா?”

“எப்படித் தெரியும்? வாசலுக்கு மேலல்ல இருக்கு. ஹாஜாவும் அவரு கடைக்குள்ள கயித்தோட கட்டிக் கெடப்பாரு.”

கைப்பேசியில் ஓர் எண்ணை அழுத்தினாள். கடை நோட்டிலிருந்து சேதுலட்சுமி எடுத்துக் கொடுத்த எண்.

“தர்சிகனா? ராமநாதபுரம் நாகஜோதி பேசுறேன். பதறாம கேளு. பாய் உன் மேல புகார் எழுதி வச்சிருக்காரு.”

மறுமுனையில் மூச்சு நின்று வந்தது.

“அக்கா, நான் எதுவும் பண்ணலக்கா. சத்தியமா. புது வேலை கிடைச்சிருக்குன்னு முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் வந்தேன்.” பேச்சு முதலில் ராமநாதபுரத் தமிழாகத்தான் வந்தது. பயம் ஏற ஏற வேறொரு தமிழ் எட்டிப்பார்த்தது. “வேலையை விட முதல் ரெண்டு கிழமை இருக்கேக்குள்ளயே பாயிட்டச் சொன்னனான். என்ர சம்பளத்தைக்கூட நான் கேக்கேல்ல அக்கா…”

பின்னால் ஒரு பெண் குரல் பதறிக் கேட்டது. “தம்பி! பால் பொங்குது, அடுப்பை நூர்!”

“நூத்திட்டன் அம்மா!”

நாகஜோதியின் கையில் டீ கிளாஸ் உதட்டுக்குப் பாதி வழியில் நின்றது.

சதக் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா டீயைக் குடிக்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை. வாசலுக்கு மேலே இருந்த பச்சை எழுத்தைப் பார்த்தபடி, தொலைபேசியில் மூன்றே கேள்வி கேட்டாள். மூன்று பதிலுக்கும் தலையை ஆட்டினாள். பிறகு டீயை ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு, சாலையைக் குறுக்கே கடந்து ஓடினாள்.

“ஏம்மா, காசு!” என்று கத்தினார் சதக்.

“வாரேன் அண்ணே! பேயைப் புடிச்சிட்டு வாரேன்!”

பிற்பகல் 3.35.

பள்ளிவாசலுக்குக் கிளம்பத் தொப்பியைக் கையில் எடுத்துவிட்டார் ஹாஜா. நாகஜோதி கடைக்கதவை மறித்து நின்றாள்.

“உக்காருங்க பாய். பத்து நிமிசம். கொலைகாரனைக் காட்டுறேன்.”

“யாரு? அவன்தானே?”

“சேது, நீ எப்பவும் செய்ற மாதிரி ஒரு அட்டைக்கு லேமினேஷன் போடு. ஒண்ணுவிடாம. நான் எதையும் தொடமாட்டேன்.”

சேதுலட்சுமி எழுந்தாள். சுவரில் இருந்த மூன்றாவது சீட்டைப் பார்த்தாள். வாய்விட்டுப் படித்தாள், பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல. “லேமினேஷன் போட… முதல், நூர்.” நூர் சுவிட்சைத் தட்டினாள். பிறகு லேமினேஷன் மெஷினைப் போட்டாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

மூன்று நிமிடம் ஓடியது. நான்கு. மெஷின் சூடாகி, விளக்கு பச்சைக்கு மாறியது. அட்டை உள்ளே போய் வந்தது. சூடு குறைந்ததும் விளக்கு மறுபடி சிவந்தது.

டக்.

திரை கறுத்தது. விசிறி பெருமூச்சு விட்டது.

“பல்லி!” என்று அலறினாள் சேதுலட்சுமி.

“இதுதான் உன் பல்லி.” நாகஜோதி மரப்பெட்டியைத் திறந்து யுபிஎஸ்ஸின் தலையில் தட்டினாள். “உள்ள ரிலேன்னு ஒண்ணு இருக்கு. பாரம் தாங்கலன்னா இப்படித்தான் டக்குனு மாறும். மாறுற நேரம் கால் நொடிக்குக் கரண்டு இருக்காது. கால் நொடி போனா லேமினேஷன் மெஷினுக்குத் தெரியவே தெரியாது, அதுல சூடு இருக்கு. டியூப் லைட்டு ஒருக்காச் சிமிட்டிட்டு எரியும். கம்ப்யூட்டருக்கு அந்தக் கால் நொடியே சாவு. மொத சாவுக்கே யுபிஎஸ் கத்தி ஊரைக் கூட்டியிருக்கும். பாய்தான் வாயைக் கட்டிப்போட்டாரு.”

ஹாஜாவின் கை தாடிக்குப் போனது. “நீங்க போட்டப்ப சாகலயே?”

“அங்கதான் பாய் நான் கோட்டை விட்டேன். நான் மெக்கானிக்கு. நேரா மெஷின் சுவிட்சைத் தட்டினேன். சுவத்துல இருந்த சீட்டைப் படிச்சு அதன்படி நடக்கல. இவ நடந்தா. இந்தக் கடையில ஒழுங்கா வேலை செய்ற ஒரே ஆளு இவதான். ஒழுங்கா செஞ்சதாலதான் பன்னிரண்டு தடவை செத்துச்சு.”

“ஒண்ணும் வெளங்கல தங்கச்சி.”

“போர்டும் இதே யுபிஎஸ்லதானே இருக்கு?”

“ஆமா. கரண்டு போனாலும் உம்மா பேரு எரியணும்னு நான்தான் குடுக்கச் சொன்னேன்.”

“நாலு பழைய டியூப். அது ஒரு பாரம். லேமினேஷன் மெஷின் சூடு புடிக்கிறது ஒரு பாரம். கம்ப்யூட்டர் ஒரு பாரம். இந்தக் கெழட்டு யுபிஎஸ் ரெண்டைத் தூக்கும், மூணை அஞ்சு நிமிசத்துக்கு மேல தூக்காது. வேலை முடிஞ்சதும் சேது போர்டை அணைச்சிருவா, நான் சோதிச்சப்ப அது எரியல. அதனால தப்பிச்சது. தர்சிகனுக்கு இது தெரியும். அதைத்தான் எழுதி ஒட்டினான். எங்க, அந்தச் சீட்டைப் படிங்க பாய்.”

ஹாஜா கண்ணாடியை மாட்டினார். “லேமினேஷன் போட, முதல் நூர். லேமினேஷன் போடணும்னா மொதல்ல நூர் சுவிட்சைப் போடணும். வேற என்ன?”

“அது ஒங்க தமிழ். இப்ப அவங்க இலங்கைத் தமிழ்ல படிக்கிறேன். அவங்க வீட்டுல ‘சாப்பிட முதல் கை கழுவு’ன்னா, சாப்பிடுறதுக்கு முன்னாடின்னு அர்த்தம். கடை பூட்ட முதல் ஃபேன் பார், பூட்டுறதுக்கு முன்னாடி பாரு. மொதல்லன்னு படிச்சாலும் முன்னாடின்னு படிச்சாலும் அந்த ரெண்டு சீட்டுலயும் வேலை ஒண்ணுதான். அதனால யாருக்கும் வித்தியாசம் தெரியல. மூணாவது சீட்டுலதான் வெனை. நூர்!”

“நூர்னா ஒளி தங்கச்சி. அரபியில ஒளி.”

“ஒங்களுக்கு ஒளி. அவங்களுக்கு, அணை.”

நாகஜோதி சுவிட்சுப் பலகையைக் காட்டினாள்.

“லைட்டை நூர், விளக்கை நூர், அடுப்பை நூர். அணைன்னு அர்த்தம். அவன் அம்மா இப்பத்தான் போன்ல கத்துச்சு, என் ரெண்டு காதாலயும் கேட்டேன். லேமினேஷன் போடுறதுக்கு முன்னாடி இந்தச் சுவிட்சை அணைச்சிருன்னு, சுவிட்சுக்கு மேலயே ஒட்டினான் பாவம். வெளியில நம்ம மாதிரி பேசப் பழகிட்டான். அவசரத்துல எழுதுறப்ப கை வீட்டுத் தமிழை எழுதிருச்சு. நம்ம சேது அதைப் படிச்சா. அவன் அணைக்கச் சொன்னதை இவ போட்டா.”

ஹாஜாவின் விரல் மெல்லத் திரையை நோக்கி நீண்டது. “அப்ப அந்த ஃபைலு…”

“கடையை மூடுறப்ப ஒரே அமுக்குல கம்ப்யூட்டரை அணைக்க அவன் செஞ்சு வச்ச குறுக்குவழி. அணைக்கிறதுக்கு என்ன பேரு வைப்பான்? நூர்னு வச்சான். ஒங்க உம்மாவை நெனச்சு வைக்கல. கொலைகாரன் யாருன்னு கேட்டீங்கல்ல? ரெண்டே எழுத்து. ரெண்டு வீட்டுலயும் இருக்கிற ஒரு வார்த்தை.”

ஹாஜா நாற்காலியில் சாய்ந்தார். ஆனாலும் கடைசியாக ஒரு முள் மிச்சமிருந்தது. “போற அன்னைக்கு அவன் சொன்னது? இந்தக் கடை எதுல நிக்குதுன்னு தெரியும்னு?”

“அதையும் கேட்டேன். போர்டை யுபிஎஸ்லேருந்து எடுக்கணும்னு மூணு தடவை ஒங்ககிட்ட வந்தானாம். மூணு தடவையும் என்ன சொன்னீங்க?”

ஹாஜா தரையைப் பார்த்தார்.

“‘எங்க உம்மா பேர்ல கை வைக்காதலே’ன்னேன்.”

“அப்பறம் அவன் வாயைத் திறக்கல. ஒவ்வொரு அட்டைக்கும் ஒங்களுக்குத் தெரியாம அணைச்சு, போட்டு, அணைச்சு, போட்டு, இந்தக் கடையை அவன் தூக்கி நிறுத்தியிருக்கான். அவன் சொன்னது மிரட்டல் இல்ல பாய். இருக்கிறதைச் சொன்னான்.”

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. ஹாஜா சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார். நான்காகக் கிழித்தார். துண்டுகளைக் குப்பைக்கூடையில் போடாமல், கைக்குள் கசக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“தொழுதுட்டு வாரேன். நீங்க போயிராதீங்க தங்கச்சி. எனக்கு இன்னும் ஒரு வேலை இருக்கு.”

மாலை மணி 5.10.

காலையில் பாதியில் எழுந்துபோன பெரியவரைச் சேதுலட்சுமி ஆளனுப்பிக் கூப்பிட்டிருந்தாள். ஓய்வூதிய விண்ணப்பம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. பெரியவர் ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கம்ப்யூட்டர் பெட்டியைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குள் தெருவே கடை வாசலில் கூடியிருந்தது. சதக் டீத் தட்டோடு உள்ளேயே வந்துவிட்டார்.

“அப்ப பேய் இல்லையா?” என்றார் ஏமாற்றத்தோடு.

“அகராதிப் பேய்” என்றாள் நாகஜோதி. “பாய், நாளைக்கே போர்டுல எல்.இ.டி. மாத்துங்க. நாலு டியூபு குடிக்கிறதுல கால்வாசிகூடக் குடிக்காது. கரண்டு போனாலும் உம்மா பேரு எரியும், கம்ப்யூட்டரும் சாகாது. யுபிஎஸ்ஸோட வாய்க்கட்டை அவுத்துவிட்டுட்டேன். மதரஸாப் புள்ளைக கொஞ்சம் பொறுத்துக்கட்டும்.”

ஹாஜா தலையாட்டினார். சேதுலட்சுமிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“டைப் பண்ணும்மா. அனுபவச் சான்றிதழ். செல்வராசா மகன் தர்சிகன் எங்க கடையில இரண்டு வருடம் வேலை பார்த்தார். நேர்மையானவர். திறமையானவர்… போட்டுட்டியா? இன்னொண்ணு சேத்துக்க. ‘முதலாளி சொல் கேளாதபோதும் கடையைக் காத்தவர்.’”

“சான்றிதழ்ல அப்படியெல்லாம் எழுதுவாங்களா பாய்?” என்று தயங்கினாள் அவள்.

“என் கடைச் சான்றிதழ். நான் சொல்றதை எழுது.”

பிரிண்டர் தாளைத் துப்பியது. ஹாஜா கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, காற்றில் ஆட்டி உலர்த்தினார். பிறகு கைப்பேசியில் மண்டபத்துக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

“யாரு?” என்றது பயந்த குரல்.

“நான்தான்லே, ஹாஜா பாய். போனை வைக்காத. நாளைக்கு உம்மாவையும் அத்தாவையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்குச் சாப்பிட வா. வந்து ஒன் சான்றிதழை வாங்கிட்டுப் போ. திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில கம்பீரமா நீட்டு. இப்ப அதுக்கு லேமினேஷன் போடப் போறேன்.”

மறுமுனையில் ஒரு பதற்றம். “பாய், பாய், நில்லுங்க! லேமினேஷன் போட முதல்…”

வாசலில் கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பச்சை எழுத்து எரிந்துகொண்டிருந்தது. ஹாஜா முகைதீன் எழுந்து சுவரருகே போனார். அந்தச் சுவிட்சைத் தன் கையால் இதுவரை ஒரு தடவைகூட அணைத்ததில்லை அவர். விரலை வைத்தார். மேல்நோக்கித் தட்டினார்.

“நூத்துட்டேன்லே!” என்றார், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி.

லேமினேஷன் மெஷின் சிவந்தது. பச்சையானது. மறுபடி சிவந்தது. எல்லாருடைய கண்ணும் கம்ப்யூட்டர் மேல்.

அது ஓடிக்கொண்டே இருந்தது.